மூன்று பிள்ளைகள், மூன்று பிரசவங்கள்

ஒரே தாய்க்கும் ஒரு பிரசவம் போல மறு பிரசவம் அமைவதில்லை. ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த எனக்கு மூன்று பிள்ளைகள்.

மூத்தவள் 1986இல் லயத்துக் காம்பராவிலேயே பிறந்தாள். அடைமழை. மலைப்பாதையில் இறங்க வழியில்லை. மருத்துவிச்சி ஆச்சிதான் பிரசவம் பார்த்தார். வலி இருந்தது, அம்மா பக்கத்தில் இருந்ததால் பயம் இருக்கவில்லை. காயம் அரைத்துக் கொடுத்து, வெந்நீர் வார்த்து, அம்மா என்னைத் தேற்றினார்.

இரண்டாவது மகன் 1989இல். ஜே.வி.பி. கிளர்ச்சியும் ஊரடங்குமாக நாடு கலங்கிக் கிடந்த காலம். கொழுந்து லொறியில் வெள்ளைத் துணி கட்டி, சாக்குகளின் மேல் என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவை உள்ளே விடவில்லை. தாதிமார் பேசிய சிங்களம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் பிள்ளை பிறந்தபின் இரத்தம் நிற்காமல் போனபோது, ஊசி போட்டு இரத்தம் ஏற்றி உயிரைக் காத்தவர்கள் அவர்களே. லயத்தில் இருந்திருந்தால் நான் பிழைத்திருக்க மாட்டேன்.

மூன்றாவது மகள் 1993இல். வலி தொடங்கிய நேரத்தில் சிங்களத்தில் அச்சிட்ட ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "இது என்ன?" என்று கேட்டேன். தமிழ் தெரிந்த ஒரு சிற்றூழியர் வாசித்துச் சொன்னார். கருத்தடை ஆபரேஷனுக்கான சம்மதம். "வீட்டில் பேசித்தான் முடிவு சொல்வேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். என்ன தாள் என்று தெரியாமலே கைநாட்டு வைத்த பெண்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் 84 நாள் பிரசவ லீவு கிடைத்தது. மூன்றாவதற்குச் சட்டப்படி 42 நாள்தான்: பிரசவத்துக்கு முன் 14, பின் 28. இருபத்தொன்பதாம் நாள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன். பிள்ளை கீழே பிள்ளைக் காம்பராவில்; மேலே எனக்குப் பால் கட்டி நெஞ்சு வலிக்கும். மூன்றாம் பிள்ளைக்குப் பசி பாதியா? பெற்றவளின் உடம்புக்கு நோவு பாதியா?

2018இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இன்று எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் லீவு உண்டு.

யுத்த காலத்தில் பதுங்குகுழியிலும் பாதையோரத்திலும் பிள்ளை பெற்ற சகோதரிகளுக்கு என் கதை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் எங்கே பெற்றாலும் நமக்கு வேண்டியவை மூன்றுதான்: பாதுகாப்பான கை, ஆறுதலுக்கு ஒரு ஆள், விளங்கும் மொழி. ஆஸ்பத்திரி முதலாவதைத் தந்தது. மற்ற இரண்டையும் நாம் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. ஆகவே கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது அடாவடி அல்ல, நம் உரிமை. உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.