பூவிருந்தவல்லிச் சாலையில் ஒரு பெயர் விவாதம்

குழந்தை பிறக்குமுன்பே அதன் பெயரைப் பற்றிய பேச்சு பிறந்துவிடுவது நம் இல்லங்களில் வழக்கம். பாட்டனார் பெயரா, பாதுகாவலரான புனிதரின் பெயரா என்று இரு வீட்டாரும் அன்போடு வழக்காடுவர். ஆனால் கண்ணால் இன்னும் காணாத ஓர் இரும்பு ஊர்திக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று இருபது இளையோர் வழிநெடுக வாதாடியதை, 2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில்தான் நாம் முதன்முறையாகக் கேட்டோம்.

அம்பத்தூர்ப் பகுதியிலுள்ள பங்கு ஒன்றின் இளைஞர் குழுவோடு சென்ற சிற்றுலா அது. காலைத் திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலிலிருந்து வேன் புறப்பட்டது. முன் இருக்கையில் உபதேசியார். அவருக்குப் பின்னே நாம். எஞ்சிய இடமெல்லாம் இளையோர். செல்ல வேண்டிய இடம், செம்பரம்பாக்கத்தை அடுத்துப் பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள குயின்ஸ்லாந்து பூங்கா. பேச்சோ வேறொரு பூங்காவைப் பற்றி இருந்தது. நகரின் மறுகோடியில், திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா நிறுவனம் அப்போது கட்டி வந்த பூங்காவில் புதிய ரோலர் கோஸ்டர் ஒன்று எழும்பிக் கொண்டிருந்தது.

“தண்டவாளம் தலைக்கு மேலே, ஐயா. நாம் அதன் அடியில் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும்” என்று ஒருவன் விளக்கினான். சுவிட்சர்லாந்து நாட்டில் 1988இல் வால்டர் பொலிகர், கிளாட் மாபிலார்ட் என்னும் இரு பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனத்தின் கைவண்ணம் அது. இவ்வகை ஊர்தியை அவர்கள் முதலில் ஓடவிட்டது 1992இல், அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகே. அவர்கள் வார்க்கும் தண்டவாளத்தின் முதுகெலும்பு பெட்டி போல நாற்பட்டையாக இருக்குமாம். லாரியில் ஏற்றிச் செல்லும் ஒரு துண்டின் நிழற்படம் கிடைத்தாலே, இது இன்னார் செய்தது என்று ஆர்வலர்கள் சொல்லிவிடுவார்களாம். வணிகப் பெயர்ப் பதிவேடுகளைத் துருவி, அறிவிப்பு வருமுன்பே பெயரைக் கண்டுபிடிப்பவர்களும் மேலைநாடுகளில் உண்டு. 1978இல் தொடங்கிய அமெரிக்க ரோலர் கோஸ்டர் ஆர்வலர் சங்கம் இன்றும் இயங்கி வருகிறது. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவோ, கட்டி முடியும்வரை தன் ஊர்திகளை ‘இரகசிய ஆயுதம்’ என்று எண்ணிட்டு அழைத்து, மக்களின் ஆவலைத் தூண்டிவிடும்.

எங்கள் வேனிலிருந்த எவருக்கும் இள்ளலூர் ஊர்தியின் பெயர் அன்று தெரியாது. ஆகவே ஆளுக்கொரு பெயர் சூட்டினர். ‘வேங்கை’ என்றாள் ஒரு பெண். ‘இராஜராஜன்’ என்றான் ஒருவன். பின் வரிசையிலிருந்து ‘சுனாமி!’ என்று ஒரு குரல் எழுந்தது; பலர் கைதட்டினர். உபதேசியார் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பெயர் மட்டும் வேண்டாம், தம்பி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் கடற்கரையிலிருந்து திரும்பவே இல்லை. அவர்கள் வீட்டில் அந்தச் சொல் விளையாட்டுச் சொல் அல்ல.”

வேனில் சற்று நேரம் அமைதி நிலவியது. அந்த ஆண்டுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் அவர்கள், அறியாமல் சொன்னதுதான்.

பேச்சை மாற்ற விரும்பிய உபதேசியார், கடந்து வந்த ஊர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டார். சக்தித் தலங்களின் வரிசையில் ஐம்பத்தொன்றாவது ஊர் என்பதால் அம்பத்தூர் ஆயிற்று என்று சொல்வாரும் உளர். ஆவடி என்பதை ஆங்கில எழுத்துகளின் கூட்டாகக் கொண்டு, படை வண்டிகளும் கிடங்கும் உள்ள இடம் என விரித்துரைப்பார் பலர். ஊர் இருந்தது முன்னே. படைத்துறை வந்தது பின்னே. எழுத்துக்கு விரிவு கண்டது அதற்கும் பின்னே. டாங்கித் தொழிற்சாலை 1960களில்தான் வந்தது. அதற்குமுன் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற கொள்கையை நாட்டுக்கு அறிவித்ததும் இதே ஆவடியில்தான்.

பருத்திப்பட்டு ஏரியைக் கடந்து, கூவம் ஆற்றைத் தாண்டி, பூவிருந்தவல்லியை அடைந்தோம். மல்லிகைப் பூவோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் இது. இராமாநுசருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். இங்கிருந்து மலர் பறித்துக் காஞ்சிப் பெருமாளுக்குச் சாத்தச் சென்றவர் அவர் என்பது வைணவ மரபு. ஆங்கிலேயர் நாவில் அது ‘பூனமல்லி’ ஆயிற்று. பூவை எடுத்துவிட்டுப் பூனையை வைத்துவிட்டார்கள் என்று உபதேசியார் சொன்னபோது வேன் மீண்டும் கலகலத்தது.

நெடுஞ்சாலையில் ஏறிய சிறிது தொலைவில் ‘நசரத்பேட்டை’ என்ற பலகை தென்பட்டது. “நம் ஆண்டவருடைய ஊரா?” என்று வியந்தாள் குழுவிலேயே இளையவளான சிறுமி. எல்லாரும் சிரித்தனர். உபதேசியார் மட்டும் சிரிக்காமல், “நாசரேத்து என்ற பெயரைக் கேட்டவுடனே, அங்கிருந்து நல்லது ஏதும் வருமோ என்று ஐயுற்ற நத்தானியேலை நினைத்துப் பாருங்கள். ஆளைப் பார்க்கவில்லை, பேசிப் பழகவில்லை, பெயரை வைத்தே முடிவு கட்டிவிட்டார்” என்றார்.

அவர் எவரையும் குறித்துச் சொல்லவில்லை. ஆயினும் நம் பார்வை தானாகவே சன்னலோர இருக்கைக்குச் சென்றது. அங்கே பதினேழு வயது இளைஞன் ஒருவன் அமர்ந்திருந்தான். சக்கரம், சங்கிலி, தண்டவாளம் பற்றியெல்லாம் அந்த வேனில் மிகுதியாக அறிந்தவன் அவனே. ஆயினும் குழுவில் அவனுக்கு வழங்கிய பெயர் ‘தொடைநடுங்கி’. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாச் சந்தையில் ராட்சத ராட்டினத்தின் உச்சியில் அவன் அழுதுவிட்டான். கீழே இறங்குமுன் அப்பெயர் பிறந்துவிட்டது. அன்றுமுதல் பாடற்குழுவிலும் பந்தாட்டத்திலும் அதே பெயர்தான். நாமும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம் என்பதை வாசகர்களிடம் மறைக்க விரும்பவில்லை.

சென்னையின் குடிநீர்த் தேவைக்குப் பெருந்துணையான செம்பரம்பாக்கம் ஏரியின் பகுதியை அடைந்தோம். அடையாற்றுக்கு நீர் தரும் ஏரி அது. 24 அடி ஆழத்துக்கு நீர் கொள்வது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாடெங்கும் பேசப்பட்டது. இப்பகுதியில் இன்று படப்பிடிப்புத் தளமாக விளங்கும் ஈ.வி.பி. வளாகமும் முன்பு கேளிக்கைப் பூங்காவாக இருந்ததே. இத்தகைய இடங்களுக்குப் பெயரிட்டோரின் மனப்போக்கு பலவகை. தில்லியில் 1984இல் திறந்த ‘அப்பு கர்’, 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான யானைக்குட்டியின் பெயரைப் பெற்றது. தாம்பரத்தருகே 1995இல் நவோதயா அப்பச்சன் அமைத்த பூங்காவுக்கு இராமகாதையின் வானர நாடான ‘கிஷ்கிந்தா’ பெயராயிற்று. பூவிருந்தவல்லி வயல்வெளியிலோ, ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலப் பெயர் வந்து அமர்ந்திருக்கிறது!

பூங்காவினுள் ரோலர் கோஸ்டருக்கு நீண்ட வரிசை. வெயிலில் நின்றவாறே அந்தச் சன்னலோர இளைஞனிடம் பேச்சுக் கொடுத்தோம். அவன் சொன்ன செய்திகள் சுவையானவை. முற்காலத்தில் ரஷ்யர்கள் குளிர்காலத்தில் மரச்சட்டங்களின்மேல் பனிக்கட்டிச் சரிவு அமைத்துச் சறுக்கி விளையாடினார்கள். அதைக் கண்டு தம் நாட்டில் சக்கரம் வைத்துச் செய்த பிரெஞ்சுக்காரர், அதை ‘ரஷ்ய மலை’ என்றனர். ரஷ்யர்களோ இன்று அதனை ‘அமெரிக்க மலை’ என்கிறார்கள். யாரும் தம் பெயரைச் சூட்டிக்கொள்ள முன்வரவில்லை!

அமெரிக்காவில் இதனைப் பரப்பியவர் லாமார்க்கஸ் தாம்சன். 1884இல் நியூயார்க்கின் கோனித் தீவில் அவர் அமைத்த ஊர்தி மணிக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் வேகமே சென்றது. கட்டணம் ஐந்து சென்ட். மதுக்கடைகளிலும் தீய விடுதிகளிலும் சீரழிந்த மக்களுக்குத் தூய பொழுதுபோக்கு ஒன்று வேண்டும் என்று அவர் எண்ணியதாகச் சொல்வர். ஒஹையோ மாநிலத்தில் 1979இல் ஓடத் தொடங்கிய பெரிய மர ஊர்தியின் பெயரான ‘மிருகம்’, அதைக் கட்டுவதில் பாடுபட்டவர்களின் வாய்ச்சொல்லிலிருந்தே வந்ததாம்.

“இந்த வண்டிக்கு இயந்திரம் கிடையாது, ஐயா” என்று அவன் தொடர்ந்தான். “சங்கிலி மேலே இழுத்துப் போகும். உச்சியிலிருந்து தன் எடையாலேயே ஓடுகிறது. டக் டக் என்று ஒலி கேட்கிறதல்லவா? வண்டி பின்னோக்கிச் சரியாமல் பிடித்துக்கொள்ளும் பற்களின் ஒலி அது. பெரிய வண்டிகளில் சக்கரம் மூன்று வகை. மேலே ஓடுவது, பக்கத்தில் அணைப்பது, தண்டவாளத்தின் அடியில் பற்றுவது. அடிச்சக்கரம் இருப்பதால்தான் வண்டி மேலெழும்பிப் போகாது. ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்போது அடுத்தது நுழையாதபடி தடையும் உண்டு. நம் ஆவடி வழித்தட இரயில்களுக்குச் சமிக்ஞை இருப்பது போல.”

“இவ்வளவு தெரிந்தும் ஏன் ஏறுவதில்லை?” என்றோம்.

அவன் சற்றுத் தயங்கினான். “அப்பா அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்கிறார். போல்ட்டை நம்பலாம், ஆனால் ஸ்பானர் போட்டுப் பார்த்த பிறகு நம்பு என்பார். அந்த ராட்டினத்தில் என் இருக்கைக்குக் கீழே ஒரு போல்ட் ஆடிக்கொண்டே இருந்தது. சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அப்புறம்தான் அழுதேன்.”

நமக்குச் சுருக்கென்றது. இரண்டு ஆண்டுகளாக அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அப்பெயருக்குப் பின்னிருந்த செய்தியை நம்மில் ஒருவரும் கேட்டதில்லை.

வரிசை முன்னேறி வாயிலை அடைந்தது. அவன் வண்டியை இயக்கும் ஊழியரிடம் சென்று, “அண்ணா, சக்கரத்தை எப்போது பார்ப்பீர்கள்?” என்று கேட்டான். பின்னாலிருந்து வழக்கமான பெயர் ஒலித்தது, சிரிப்பும் எழுந்தது. ஊழியர் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி, தம்பி. தினமும் காலையில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கதவைத் திறக்கிறோம். வா, காட்டுகிறேன்” என்று, நின்றிருந்த வண்டியின் அருகே அழைத்துச் சென்று சக்கரங்களைக் காட்டினார். தோளில் இறங்கும் பூட்டைத் தன் கையாலேயே இழுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு, “உன் பெயர் என்ன?” என்றார்.

அவன் தன் திருமுழுக்குப் பெயரைச் சொன்னான். நம் சென்னையின் மலையொன்று எந்தத் திருத்தூதரின் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அவருடைய பெயர்தான் அது.

தோமையாருக்கும் உலகம் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறது: ‘சந்தேகப் பேர்வழி’. ஆண்டவரின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார் அல்லவா? ஆனால் அதே தோமையார்தான், ஆபத்து நிறைந்த யூதேயாவுக்கு ஆண்டவர் புறப்பட்டபோது, அவரோடு சாகவும் போவோம் என்று மற்றவர்களுக்குத் துணிவூட்டியவர். கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்து, இந்நகரில் குருதி சிந்தினார் என்பது நம் முன்னோர் காத்துவரும் மரபு. பார்த்து நம்ப விரும்பியதற்காக ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. அருகில் அழைத்துக் காட்டினார்.

இளைஞன் வண்டியில் ஏறி அமர்ந்தான். நாமும் அவனருகே அமர்ந்தோம். சங்கிலி இழுத்தது, உச்சி வந்தது, அதன்பின் நடந்ததை விவரிக்கும் நிலையில் நாம் இல்லை. கீழே இறங்கியபோது அவன் முகம் வெளுத்திருந்தது. நண்பர்கள் சூழ்ந்துகொண்டு, “பயம் போய்விட்டதா?” என்றனர். “இல்லை, பயமாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்துவிட்டு ஏறினேன்” என்றான். வீரம் பேசாத அந்த விடை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மறுமுறை வரிசையில் நின்றபோது, பாதிப் பேர் குனிந்து சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர்!

மாலையில் திரும்பும் வழியில் இள்ளலூர் ஊர்தியின் பெயர் மீண்டும் விவாதத்துக்கு வந்தது. இம்முறை அவனைக் கேட்டனர். “ஓடட்டும், ஏறிப் பார்ப்போம், பிறகு பெயர் சொல்கிறேன்” என்றான்.

அந்தப் பூங்கா 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஊர்தியின் பெயர் ‘தஞ்சோரா’. சோழவள நாட்டுத் தலைநகரை நினைவூட்டும் அப்பெயரை எங்கள் வேனில் எவரும் ஊகித்திருக்கவில்லை. ‘இராஜராஜன்’ என்றவன் மட்டும் தானே வென்றதாகச் சொல்லித் திரிகிறான். இந்நிறுவனத்தைத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி அவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேரளத் தொழிலதிபரான அவர், 2011இல் தம் சிறுநீரகம் ஒன்றை, உறவினர் அல்லாத ஓர் ஏழை லாரி ஓட்டுநருக்குத் தானமாக அளித்தார். அவர் பெயரில் உள்ள ‘ஔசேப்’ என்பது நம் சூசையப்பரின் பெயர்தான். பெயருக்கு ஏற்ற செயல் என்று மனம் மகிழ்ந்தோம்.

அன்றைய பயணத்துக்குப் பிறகு அந்தப் பழைய பட்டப்பெயரை நாம் கேட்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ஒருநாள் பாடற்குழுவில் ஒருவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “மன்னித்துக்கொள், டா” என்று உண்மைப் பெயரைச் சொல்லி அழைத்தான். பழக்கம் ஒரே நாளில் மாறுவதில்லை.

அன்பார்ந்த பெற்றோரே, நம் வீட்டில் ‘மக்கு’ என்றும், ‘கறுப்பி’ என்றும், ‘சோம்பேறி’ என்றும் நாம் விளையாட்டாக வைத்த பெயர்கள் எத்தனை! அவை எந்நாளில், எதனால் பிறந்தன என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். ஆலயத்தில் குருவானவர் தண்ணீர் வார்த்து அழைத்த பெயர் ஒன்று நம் பிள்ளைகளுக்கு உண்டு. இன்று மாலை குடும்ப செபத்தின்போது, அந்தப் பெயரைச் சொல்லியே அவர்களை அருகில் அழைப்போம்.