மாருத்தின் மூக்கில் நான்கு துளைகள்

கம்மாபுரத்துக்காரர்களுக்கு நெய்வேலிச் சுரங்கத்துப் பக்கெட் வீல் பழகிய காட்சி. ராட்சதச் சக்கரம் சுழலச் சுழல, ஒரு வாளி மண்ணை வெட்டும். அதே நேரத்தில் இன்னொரு வாளி கொட்டும். அந்த ஜெர்மன் எந்திரத்தைப் பார்த்து வளர்ந்ததால்தான், பெங்களூரில் பார்த்தது எனக்குச் சட்டென்று விளங்கியது.

விருத்தாசலத்தில் பஸ் ஏறி, சேலத்தில் மாறி, அக்கா மகனோடு எச்.ஏ.எல். அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வெட்டவெளியில் நின்றது எச்.எஃப்.-24 மாருத் போர் விமானம். மூக்கின் இருபுறமும் இரண்டிரண்டு துளைகள்.

"மாமா, இந்த ஓட்டையெல்லாம் எதுக்கு?"

"பீரங்கி வாய்டா. ஆடென், 30 மில்லிமீட்டர்."

ஆடென் இங்கிலாந்துப் பெயர், மூலம் ஜெர்மனி. இரண்டாம் உலகப்போரின்போது விமானங்களின் வேகம் ஏற ஏற, எதிரி குறிக்குள் நிற்கும் நேரம் நொடிக்கணக்காகச் சுருங்கியது. அதற்குள் நிறையக் குண்டு பாய வேண்டும். ஓபர்ன்டோர்ஃப் நகரத்து மவுசர் ஆலை அதற்காக எம்.ஜி. 213 பீரங்கியை வடிவமைத்தது. அதன் சுழலும் உருளையில் ஐந்து அறைகள். ஒன்று சுடும்போதே இன்னொன்றில் தோட்டா நுழையும், மற்றொன்றிலிருந்து வெற்றுக்கூடு வெளியேறும். நம் பக்கெட் வீலின் அதே சூட்சுமம்!

அது களம் காணுமுன் 1945இல் போர் முடிந்தது. வரைபடங்கள் வென்றவர்கள் கைக்குப் போயின. இங்கிலாந்தில் ஆடென், பிரான்சில் டெஃபா, அமெரிக்காவில் எம்39 எல்லாம் அதன் வாரிசுகள். ஆடென் நிமிடத்துக்கு 1,200 குண்டுகளுக்குக் குறையாமல் சுடும். மாருத்தில் பீரங்கிக்கு 120 குண்டு. ஆறே நொடியில் தீர்ந்துவிடும்.

மாருத்தை வடிவமைத்த குர்ட் டாங்க்கும் ஜெர்மானியர்தான். போரில் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை உருவாக்கியவர். அர்ஜென்டினா போய், 1956இல் பெங்களூர் வந்தார். இங்கிலாந்து வழியே வந்த பீரங்கி, அவர் விமானத்தில் குடியேறியது. 1961 ஜூன் 17 அன்று மாருத் முதன்முதலாகப் பறந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டதும் அதே ஆண்டு ஆகஸ்டில்தான்.

1971 போரில் நம் மாருத், ஹன்டர் விமானங்கள் ஆடெனோடு பறந்தன. பாகிஸ்தானின் மிராஜ் விமானங்கள் டெஃபாவோடு.

"அப்ப ரெண்டு பக்கமும் ஒரே குடும்பத்துத் துப்பாக்கியா மாமா?"

"ஆமாம்டா" என்றேன். எட்டிய துளையில் விரலை வைத்திருந்தவன், மெதுவாக எடுத்துக்கொண்டான்.