கைக்குட்டையை வைத்துவிட்டு வாருங்கள்

கூச்சத்தையும் மேடைப் பயத்தையும் படிப்படியாகப் பழகித்தான் போக்க வேண்டும் என்றதும் எல்லோருக்கும் ஓர் ஏணி நினைவுக்கு வந்துவிடுகிறது. கீழ்ப்படியில் கடைக்காரரிடம் விலை கேட்பது, உச்சியில் கல்யாண வீட்டில் மைக் பிடிப்பது. சிகிச்சை அறையில் நாங்களும் இந்த ஏணியைத்தான் எழுதுகிறோம். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு பயம் என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்கிறோம். மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பே விட்டுச்சென்ற அளவுகோல் அது. ஆனால் ஏணி எழுதுவது இந்தத் தொழிலில் சுலபமான பாதி. ஏறுகிறவர் கையில் எதை இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று பார்ப்பதில்தான் மீதி வேலை இருக்கிறது.

பாம்புக்குப் பயப்படுகிறவர் வருடக்கணக்கில் பாம்பைப் பார்க்காமலே இருந்துவிடலாம். மனிதர்களுக்குப் பயப்படுகிறவருக்கு அந்த வசதி இல்லை. பஸ், அலுவலகம், விசேஷ வீடு என்று தினமும் அவர் கூட்டத்துக்குள்தான் இருக்கிறார். எதிர்கொள்வது மட்டுமே போதுமென்றால் முப்பது வயதுக்குள் தானாகவே சரியாகியிருக்க வேண்டுமே? உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் முன்வைத்த விளக்கம் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. இவர் கூட்டத்தில் இருந்தாலும் கவனம் முழுக்கத் தன் குரலிலும் வியர்வையிலும்தான் இருக்கிறது. பேசப்போகும் வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறார், கண்ணைப் பார்க்காமல் போனை நோண்டுகிறார், ஈரக் கையை மறைக்கக் கைக்குட்டையைக் கசக்குகிறார். கூட்டம் நல்லபடியாக முடிந்தாலும், ‘கைக்குட்டை இருந்ததால் தப்பித்தேன்’ என்றே மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது.

அதனால் ஒரே படியை இரண்டு முறை ஏறச் சொல்வதுண்டு: ஒருமுறை கைக்குட்டையோடு, இன்னொருமுறை அது இல்லாமல். போவதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்கிறோம். ‘கேவலமாக இருக்கும்’ என்று எழுதினால் செல்லாது. எத்தனை பேர் சிரிப்பார்கள், யார் எழுந்து போவார்கள் என்று, திரும்பி வந்து சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். உடலைத் தளர்த்தி அமைதிப்படுத்தினால்தான் பயம் கரையும் என்று 1958இல் வோல்ப்பே எழுதினார். தளர்வுப் பயிற்சி இல்லாமலும் பலன் கிடைக்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. மூச்சுப் பயிற்சியே இன்னொரு கைக்குட்டையாகிவிடுவதும் உண்டு.

அப்படியானால் ஏணி எதற்கு, ‘தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் தானாக வரும்’ என்று பெரியவர்கள் சொல்வதுதானே சரி என்று கேட்கலாம். வந்த விருந்தாளி முன்னால் ‘மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு’ என்று நிறுத்தப்படும் குழந்தையை யோசித்துப் பாருங்கள். தள்ளப்பட்ட பிள்ளை தரையை வெறித்தபடி, வேகமாகப் பாடி ஓடிவிடப் பார்க்கும்; அது தப்பிக்கத்தான் பழகுகிறது. மாறாக, 1924இல் வெளியிட்ட ஆய்வில் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர் என்ற சிறுவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் பயந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். எவ்வளவு அருகே என்பதற்கு அவன் சகிப்பே அளவு. படிகளின் பயன் அதுதான்: ஏறுகிறவரின் சம்மதம் கலையாமல் பார்த்துக்கொள்வது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று. நம் ஊரில் நாலு பேர் நிஜமாகவே பேசுவார்களே? பேசுவார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை. சிரித்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறோம். மருந்துக்கடையில் போய் இட்லி மாவு இருக்கிறதா என்று வேண்டுமென்றே கேட்க வைப்பது அதற்காகத்தான். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பிறகு அடுத்தவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பார். ஆனால் சாதி சொல்லி மட்டம் தட்டும் மேலதிகாரி முன் உட்கார்ந்து பழகு என்று ஒருவருக்கு ஏணி போட்டுக் கொடுத்தால் அது சிகிச்சை ஆகாது. அங்கே எழுத வேண்டியது புகார்.

பழைய பயம் அழிவதில்லை. புதிதாகக் கற்றது அதோடு போட்டி போடுகிறது, அவ்வளவே. உளவியலாளர் மிஷெல் கிராஸ்க் போன்றோர் வலியுறுத்துவது இதைத்தான். மணியடித்தால் சாப்பாடு என்று பழகி, பிறகு சாப்பாடு வராமல் போனதால் எச்சில் ஊறுவது அடங்கிய நாய்க்கு, சிறிது இடைவெளிக்குப் பின் மறுபடி ஊறும் என்பது பாவ்லவ் காலத்திலேயே தெரிந்த விஷயம். ஆகவே, புதிதாகக் கற்றது ஒரே இடத்தோடு நின்றுவிடாமல் வலுப்பெற, கடைசி வாரங்களில் அறையைப் பூட்டிவிட்டு டீக்கடை, வங்கி வரிசை, பஸ் ஸ்டாண்ட் என்று இடம் மாற்றுகிறோம். டீக்கடையில் சரளமாகப் பேசியவருக்கு வங்கியில் நாக்கு ஒட்டிக்கொண்டால் குறிப்பேட்டில் தோல்வி என்று எழுதுவதில்லை. மறுநாளும் வங்கி என்றே எழுதுகிறோம்.