இன்னும் எத்தனை வருஷம்?

வானொலியில் தினமும் நான்கு மணி நேரம் பேசுவது என் வேலை. பேச்சு வராமல் நான் நின்றது கிள்ளானில், மாமா வீட்டில்தான். "எனக்கு இன்னும் எத்தனை வருஷம்மா? என் பிள்ளைகளுக்கும் இது வருமா?" என்று கேட்டார்.

மாமா மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். சிறுநீரில் ரத்தம் வந்ததை இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லையே, உடம்புச் சூடுதான் என்று நினைத்துவிட்டார். ஸ்கேனில் கட்டி தெரிந்தது. ஒரு சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. "எல்லாம் தலையெழுத்து" என்றார் அம்மா.

கொமுட்டர் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் திரும்பிய இரவு, உடம்புக்குள் இருக்கும் எழுத்தைப் பற்றிப் படித்தேன். ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. தினமும் ஆயிரக்கணக்கான முறை பழுதாகிறது. அதைச் சரிசெய்யவே சில மரபணுக்கள் இருக்கின்றன. அந்த வேலை நடக்கும் விதத்தைக் கண்டறிந்த தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சன்ஜார் மூவருக்கும் 2015-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசும்போது நாம் கேள்விப்படும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களும் இந்த வேலையைச் செய்பவைதான்.

சிறுநீரகப் புற்றுநோயில் அதிகம் காணப்படுவது 'கிளியர் செல்' வகை. அதில் நூற்றுக்குச் சுமார் 10 முதல் 15 கட்டிகளில், டி.என்.ஏ. பழுதுபார்ப்பில் பங்குள்ள பி.ஏ.பி.1 மரபணு கெட்டிருக்கிறது. அப்படி இருந்தால் நோய் முரட்டுத்தனமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பி.பி.ஆர்.எம்.1 மரபணு மட்டும் கெட்டிருந்தால் நிலைமை பொதுவாக அவ்வளவு மோசமில்லை.

மறுவாரம் மாமாவிடம் சொன்னேன்: "பட்டறையில பிரேக் பார்க்கிற ஆள் லீவு மாதிரி, மாமா. அன்னைக்குப் போற எல்லா வண்டியும் மோதாது. ஆனா ஆபத்து கூடுதல்."

"என் கட்டியில அந்த ஆள் இருந்தானா?"

அந்தச் சோதனையை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதில்லை. கட்டியின் அளவு, பரவிய நிலை, செல்களின் தோற்றம் ஆகியவற்றை வைத்தே மருத்துவர்கள் பெரும்பாலும் கணிக்கிறார்கள். பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு ஓரளவு ஆறுதலான பதில் இருந்தது. இந்த மாற்றங்கள் பெரும்பாலும் கட்டிக்குள் மட்டுமே நேர்பவை. பரம்பரையாக வருவது குறைவு. இரண்டு கேள்விகளையும் டாக்டரிடம் கேட்க மாமா தாளில் எழுதிக்கொண்டார்.

எத்தனை வருஷம் என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஸ்கேன் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் யாருக்காவது சிறுநீரில் ஒரே ஒரு முறை ரத்தம் தெரிந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாமாவைப் போல் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம்.