தம்மவரை அறியும் கல்வி

காவலனுக்குக் கூரிய வாள் மட்டும் போதுமா? பகைவர் யாவர், தம்மவர் யாவர் எனப் பகுத்தறியும் கல்வியும் வேண்டுமன்றோ? நம் உடலைக் காக்கும் டி அணுக்களுக்கு அக்கல்வியைப் புகட்டும் கழகம் நெஞ்செலும்பின் பின்னே உளது. அதுவே தைமஸ் சுரப்பி. அதன் பயனை 1961-ஆம் ஆண்டில் ஜாக் மில்லர் என்பார் இலண்டனில் எலிகளை ஆராய்ந்து உணர்த்தினார்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளவணுக்கள் ஈண்டு இரு தேர்வுகளுக்கு உட்படுகின்றன. உடலின் அடையாளக் குறியைச் சிறிதும் உணரமாட்டாதன முதல் தேர்விலேயே மடிகின்றன. அடுத்த தேர்வில், இன்சுலின் முதலாகப் பல உறுப்புகளுக்குரிய புரதங்களின் மாதிரிகள் அவற்றின்முன் வைக்கப்படுகின்றன. அவற்றை வன்மையாகப் பற்றுவனவற்றுட் பெரும்பாலன அழிக்கப்படுகின்றன. சில, கலகம் அடக்கும் அணுக்களாக மாறுகின்றன. நூற்றில் ஐந்துகூட இறுதிவரை தேறுவதில்லை.

எம் அத்தையார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் பல்லாண்டு நின்றவர். ஓட்டையும் எண்ணெய்க் கறையும் உள்ளவற்றை ஒதுக்குவது அவர் தொழில். அங்கே கழிக்கப்படுவது குறையுடையது; தைமஸிலோ வன்மை மிக்கதும் கழிக்கப்படுகின்றது. தம்மவரை அறியாத வன்மை காவலாகாது என்பதே அதன் காரணம்.

எத்துணை விழிப்பான மேசையிலும் சில பிழைகள் தப்பிவிடும். அத்தையாருக்கு மாலைதோறும் இமைகள் தாமே சரிந்தன, கைகள் சோர்ந்தன. உடன் பணிசெய்தோர் சோம்பல் என்றனர். சபையாருட் சிலர் விசுவாசக் குறைவு என்றனர். மருத்துவரோ மயஸ்தீனியா கிரேவிஸ் என்றார். நரம்பு விடுக்கும் செய்தியைத் தசை ஏற்கும் வாயில்களை உடலின் காவற்படையே தாக்கும் நோய் அது. இந்நோயுற்றார் பலரிடத்துத் தைமஸே கலகத்தின் இருப்பிடமாகிவிடுகின்றது. அதனை அகற்றுதல் பலருக்கு நலம் பயக்கும் என்பது 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வால் உறுதிப்பட்டது. அத்தையாருக்கும் அச்சிகிச்சை நடந்தது. இன்று மாத்திரையின் துணையோடு மீண்டும் பணிசெய்கின்றார். மேசையருகே அவருக்கு ஒரு நாற்காலியும் இடப்பட்டுளது.

தேர்வில் தப்பிய அணுக்களையும் அடக்கவல்ல அணுக்கள் உள என்பதை 1995-இல் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். இத்துறை ஆராய்ச்சிக்காக அவருக்கும் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025-இல் நோபெல் பரிசு கிடைத்தது. மருத்துவ நூலோர் அவ்வணுக்களைக்கொண்டு நோய் தணிக்கும் வழியை நாடுகின்றனர்.

தம்மவரைத் தாக்கும் பிழை அணுக்களுக்கு மட்டும் உரியதன்று. அத்தையாரைச் சோம்பர் என்ற நாவுகளும் அன்புடையார் நாவுகளே. சோர்ந்தார் ஒருவரைப் பழிக்குமுன் அவர் நம்மவர் என்று நினைத்தல் நாம் அனைவரும் தேறவேண்டிய தேர்வாகும்.