குரூப்பிலிருந்து நீக்கிய பெயர்

எங்கள் ஃபுட்பால் அணியில் லெஃப்ட் விங் ஆடிய பையனை இனி ஆடக்கூடாது என்று நிறுத்தியவர் இதய மருத்துவர். அணியை விட்டே அவனை விலக்கியவன் நான். இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது எண்ணியிருந்தேன்.

எக்கோவில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருப்பது தெரிந்தது. ஹைபர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்கிறார்கள். பலருக்கு ஒரு தொந்தரவும் தராது. ஆனால் மூச்சிரைக்க ஓடும்போது துடிப்பு தறிகெட்டால் உயிரே போய்விடலாம். 2003-இல் லியோன் மைதானத்தில் விழுந்து இறந்த கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோயேவுக்கு இருந்ததும் இதுதான்.

நோய் தெரிவதற்கு முன்பே பையன் ஒருநாள் பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தான். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான் என்று குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து மறுபடி இறக்கிவிட்டேன். ஓடும்போது வரும் மயக்கத்தை அப்படி விடவே கூடாது. பயிற்சி கொடுப்பவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

நோய் தெரிந்த பிறகு அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் பேசிக்கொண்டே இருந்தேன். 2021-இல் யூரோ ஃபுட்பால் போட்டியில் மயங்கி விழுந்த டென்மார்க் வீரர் எரிக்சன் அடுத்த வருடமே திரும்பி ஆடினாரே என்றேன். "அவருக்கு அவரோட டாக்டர் சொன்னாரு மாஸ்டர். எனக்கு என் டாக்டர் சொல்லிட்டாரு" என்றான். அதோடு விட்டேனா? ரெஃப்ரி ஆகிவிடு என்றேன். ரெஃப்ரியும் ஓட வேண்டும் என்பதைக்கூட அவன்தான் எடுத்துச் சொன்னான். இதயக் கோளாறால் 2016-இல், 26 வயதில் ஆட்டத்தை விட்ட இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஜேம்ஸ் டெய்லர் பின்னால் தேர்வாளர் ஆன கதையையும் சொன்னேன். டெய்லருக்கு அதற்கு இரண்டு வருடம் பிடித்தது. பையன் அழுது தீர்க்க நான் இரண்டு வாரம்கூட விடவில்லை.

மேட்ச் படங்களைப் பார்த்தால் வலிக்கும் என்று, அவனை ஒரு வார்த்தை கேட்காமல் அணியின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்தேன். அவன் முன்னால் ஃபுட்பால் பேச்சே எடுக்காதீர்கள் என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்தேன். அந்தப் பையன்களுக்கு வேறு என்ன பேச்சு இருக்கிறது? மெல்ல அவன் வீட்டுப் பக்கம் போவதையே விட்டார்கள். அவன் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் குரூப்பில் அவன் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த குளுக்கோஸ்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் அவன் தம்பிக்கும் எக்கோ எடுத்தார்கள். தம்பிக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல அவர்கள் அம்மா போன் செய்தார். "பசங்க யாரும் வர்றதில்ல சார், அவங்களுக்கு என்ன கோபம்?" என்று கேட்டார்.

அன்று மாலையே போய், மயங்கி விழுந்த நாளைப் பற்றி அவனிடம் சொன்னேன். தெரியும் என்றான். வெகுநேரம் கழித்து, இப்போது லெஃப்ட் விங்கில் யார் என்று கேட்டான். சொன்னேன். "அவனுக்கு இடது கால்ல கிராஸ் வராதே மாஸ்டர்!" என்று ஆரம்பித்தவன் ஆத்திரத்தோடு பேசினான், அழுதான், மறுபடி பேசினான். நான் குறுக்கிடவில்லை.

குரூப்பில் திரும்பச் சேர்ந்துவிட்டான். சில நாள் மைதானத்துக்கு வருகிறான், சில நாள் வருவதில்லை. ஏன் என்று நான் கேட்பதில்லை. என்னை மன்னித்துவிட்டாயா என்றும் கேட்கவில்லை. அந்தப் பதிலைச் சொல்லும் பாரத்தையும் அவன் தலையில் வைக்க எனக்கு உரிமையில்லை.