வேர் இல்லை என்றார்

தில்லியில் வாழும் ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியர் ஒருவர் தம் வீட்டின் முன்னே சிறிய புல்தரை ஒன்றை வைத்திருந்தார். தமிழில் அருகு, இந்தியில் தூப். வடமொழியின் ‘தூர்வா’ தேய்ந்து ‘தூப்’ ஆன கதையை வகுப்பில் பலமுறை விளக்கியவர் அவர். புல்லைப் பேணியவரோ கிழக்கு உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த, போஜ்புரி பேசும் தோட்டக்காரர்.

ஆகஸ்டில் மழை சில நாள் ஓய்ந்திருந்தபோது புல்தரையில் மஞ்சள் திட்டுகள் தோன்றின. தண்ணீர் போதவில்லை என்று முடிவுசெய்த பேராசிரியர் இருவேளையும் பாய்ச்சச் சொன்னார். திட்டுகள் பெருகின. யூரியா தூவச் சொன்னார், புல் கருகியது. தோட்டக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “வேர் இல்லை, சாஹப்.” ஜூன் இறுதியில், முதல் மழைக்குப் பின், வாசல் விளக்கைச் சுற்றியும் வேப்ப மரத்திலும் மொய்த்த பழுப்பு வண்டுகளையும் நினைவூட்டினார். ‘இல்லை’ என்பதற்கு அவர் சொன்ன ‘நைக்கே’ என்னும் வடிவம் பேராசிரியரின் செவியில் விழுந்தது. சொன்ன செய்தி விழவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில், வேலையில் அக்கறையில்லை என்று கூறி அவரை நிறுத்திவிட்டார்.

இரு வாரம் கழித்து, விடியற்காலையில் மைனாக்கள் அத்திட்டுகளைக் கிளறுவதைக் கண்டு பேராசிரியர் குனிந்து புல்லைப் பற்றி இழுத்தார். நீரின்றி வாடிய புல் இழுப்புக்கு எளிதில் வராது. இதுவோ பாய் சுருள்வதுபோல் கையோடு வந்தது. அடியில் வேர்கள் இல்லை. பழுப்புத் தலையும் வெண்ணிற உடலுமாக, வளைந்து சுருண்ட வேர்ப்புழுக்கள் கிடந்தன. ஓர் அடிச் சதுரத்தில் எண்ணினார், பதினான்கு. ஈரமான புல்தரையை வண்டுகள் நாடி முட்டையிட்டிருந்தன. பொரித்த புழுக்கள் வேரைத் தின்றிருந்தன. வேரற்ற புல்லுக்கு ஊற்றிய நீரும் இட்ட உரமும் பயனற்றுப் போயின.

முப்பது ஆண்டுகள் கிராமம் கிராமமாகச் சென்று உழவர்களின் பேச்சைப் பதிவுசெய்தவர், தம் வாசலில் நின்று ஒருவர் சொன்னதைக் கேட்கவில்லை. அன்று மாலையே தோட்டக்காரரைத் தேடிச் சென்றார். பிழை தம்முடையது என்று நேராகச் சொன்னார். வேலையிழந்த நாள்களின் கூலியையும் கொடுத்தார். அவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மறுத்ததாகவும் சொல்லவில்லை. மறுநாள் மண்வெட்டியோடு வந்தார்.

இறந்த திட்டுகளைச் செதுக்கி எடுத்தார்கள். மண்ணைக் கொத்திப் புழுக்களைப் பொறுக்கியும் பறவைகளுக்கு விட்டும் குறைத்தார்கள். மெட்டாரைசியம் என்னும் பூஞ்சையை மட்கிய எருவில் கலந்து இட்டார்கள். வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தார்கள். நலமாயிருந்த பகுதியிலிருந்து எடுத்த புல்தண்டுகளை நான்கு விரல் இடைவெளியில் நட்டார்கள். நீர் அளவோடு, காலையில் மட்டும். குளிர்காலத்தில் புல்தரை முழுதும் பழுப்பானபோது பேராசிரியர் கலங்கினார். அருகு தில்லிக் குளிரில் உறங்கும் என்றார் தோட்டக்காரர். இம்முறை பேராசிரியர் மறுத்துப் பேசவில்லை.

மார்ச்சில் பச்சை திரும்பியது. வேப்ப மரத்தின் அடர்நிழலில் மட்டும் புல் பிடிக்கவில்லை; அவ்விடத்தை அப்படியே விட்டார்கள். ஜூனில் முதல் மழை பெய்த இரவு வாசல் விளக்கை அணைத்துவிட்டு, தோட்டக்காரர் வேப்பங்கிளையை உலுக்க, உதிர்ந்த வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீர் வாளியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார் பேராசிரியர்.